கூரையும் கதிரவனும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இயலும் இசையும் நாடகமும் மணக்கும் இம்மேடையில், புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தர் ஒருவர் ஏறி நின்று, கடைக்கூரையைப் பற்றிப் பேசப் புகுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். யாம் மெட்ரிக் வகுப்பு வரை பயின்றவரே அன்றிப் பொறியியல் கற்றவர் அல்லோம். ஆயினும் இருபது ஆண்டுகளாக வரவையும் செலவையும் இரு பக்கமாக எழுதிக் கூட்டிப் பார்த்துப் பழகிய கண் எமக்கு உண்டு. அக்கண்ணால் கண்டதையே ஈண்டுக் கூற விழைகின்றோம். குறை இருப்பின் பொறுத்தருள்க.

இப்பொருளை யாம் ஏன் எடுத்துக்கொண்டோம்? இவ்வோராண்டில் மட்டும் நம் காலனியில் கடையும் தொழிற்கூடமும் நடத்தும் அன்பர் நால்வர் எம்மை நாடி வந்து ஒரே வினாவை எழுப்பினர். "கடைக்கூரையின்மேல் சோலார் போடலாமா? கூரை ஓடே மின்சாரம் தரும் என்கிறார்களே, அது நல்லதா, தகடு நல்லதா?" என்பதே அவ்வினா. நால்வரும் கடன் வாங்கியே இதனைச் செய்ய வேண்டியவர்கள். அவருள் ஒருவர் தம் இல்லாளின் நகையை அடகு வைக்கவும் முற்பட்டிருந்தார். ஆகவே இது விளையாட்டான வினா அன்று. ஒரு குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பு அதில் அடங்கியுள்ளது.

கதிரவனுக்கும் நமக்கும் உள்ள உறவை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தை முதல் நாளில் புதுப்பானையில் பொங்கலிட்டு அவனை வணங்குகின்றோம். அதே நாளையொட்டி, சனவரி 14-இல், இக்குசராத்து மக்கள் உத்தராயணம் கொண்டாடிக் கூரைமேல் ஏறிக் காற்றாடி விடுகின்றனர். நம்மவர் முற்றத்தில் நின்று கதிரவனைக் காண்கின்றனர். இவர்கள் கூரைமேல் நின்று காண்கின்றனர். இன்று கதிரவனே கூரைக்கு இறங்கி வந்து வேலை செய்யும் காலம் வந்துவிட்டது.

ஒளியை மின்சாரமாக்கும் கலை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டில் சார்லசு பிரிட்சு என்பவர் 1883-இல் செலீனியம் என்னும் பொருளைக் கொண்டு ஒளி மின்கலம் ஒன்றைச் செய்தார். மறு ஆண்டில் நியூயார்க்கு நகரக் கூரை ஒன்றின்மேல் அத்தகைய கலங்கள் பொருத்தப்பெற்றன. ஆனால் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு அளவே மின்சாரமாயிற்று. அதன்பின் எழுபது ஆண்டுகள் கழித்து, 1954-இல், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கனால் ஆன கலத்தை உலகிற்குக் காட்டினர். அது நூற்றுக்கு 6 பங்கு தந்தது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல தகடு நூற்றுக்கு 20 பங்கிற்கு மேல் தருகின்றது. கூரையில் தொடங்கிய கலை, விண்கலம் வரை சென்று, மீண்டும் கூரைக்கே வந்து சேர்ந்தது.

நிற்க. தகடு வேறு, ஓடு வேறு. இவ்வேறுபாட்டை முதலில் தெளிவுறுத்திக்கொள்வோம்.

கடைத்தெருவில் 'சோலார் பேனல்' என்று வழங்குவது தகடு. முன்னரே உள்ள கூரையின்மேல் இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் அமைத்து, அதன்மேல் இதனைப் பொருத்துவர். கூரைக்கும் தகட்டிற்கும் இடையே காற்று புகும் வெளி இருக்கும். சூரிய ஓடு என்பது அவ்வாறன்று. அதுவே கூரை. மழையைத் தடுப்பதும் அது. மின்சாரம் தருவதும் அது. அமெரிக்க நாட்டு வீடுகளில் சரிந்த மரக்கூரைமேல் தார் கலந்த மெல்லிய ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு அடித்துப் பரப்புவர். அவற்றை 'ஷிங்கிள்' என்பர். அவ்வோட்டின் இடத்தில் ஒளிமின் ஓட்டை வைத்தால் என்ன என்ற எண்ணமே இதற்கு வித்து. டவ் நிறுவனம் 2011-இல் இத்தகைய ஓட்டினை விற்பனைக்குக் கொணர்ந்து 2016-இல் நிறுத்திவிட்டது. அவ்வாண்டிலேயே டெசுலா நிறுவனம் தன் சூரியக் கூரையை அறிவித்தது. 2022-இல் ஜி.ஏ.எப். எனர்ஜி என்னும் நிறுவனம் சாதாரண ஓட்டைப் போலவே ஆணி அடித்துப் பொருத்தும் சூரிய ஓட்டினை வெளியிட்டது. நம் நாட்டிலும் ஐதராபாத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று சிமெண்டுப் பலகையோடு ஒளிமின் கலங்களை இணைத்துக் கூரையாகவே விற்கின்றது.

காண்பதற்கு ஓடே அழகு. தகடு கூரைமேல் ஏறி உட்கார்ந்த விருந்தாளி போலத் தோன்றும். ஓடு வீட்டுப் பிள்ளையைப் போல் ஒட்டியிருக்கும். ஆனால் வணிகர்க்கு அழகு மட்டும் போதுமோ? கணக்கும் வேண்டுமன்றோ!

யாம் பணிபுரியும் புகைவண்டித் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2017 சூலை 14-இல் தில்லி சப்தர்சங்கு நிலையத்தில் ஒரு தொடர்வண்டி தொடங்கி வைக்கப்பெற்றது. அதனை இழுப்பது டீசல் எந்திரமே. ஆனால் அதன் 6 பெட்டிகளின் கூரைமேலும், பெட்டிக்கு 16 ஆக, 300 வாட்டுத் தகடுகள் பொருத்தப்பெற்றிருந்தன. பெட்டியின் விளக்கும் விசிறியும் கதிரவன் ஒளியால் இயங்கின. கூட்டிப் பாருங்கள்: ஒரு பெட்டியின் கூரையில் 4.8 கிலோவாட்டு. ஒரு சிறு கடைக்கு வேண்டும் அளவும் ஏறத்தாழ இதுவே. 2018-இல் கௌகாத்தி நிலையம் தன் கூரைமேல் அமைந்த 700 கிலோவாட்டுத் தகடுகளால் கதிரொளி நிலையமாயிற்று. 2020-இல் மத்தியப் பிரதேசத்துப் பீனாவில் 1.7 மெகாவாட்டு நிலையம் அமைந்து, அதன் மின்சாரம் வண்டி இழுக்கும் மேற்கம்பிக்கே நேராகச் செலுத்தப்பெற்றது.

ஓடும் வண்டியின் கூரை, தகட்டின் எடையைத் தாங்க வேண்டும். காற்றின் இழுப்பையும் தண்டவாளத்தின் அதிர்வையும் தாங்க வேண்டும். எனவே, கூரை தாங்குமா என்று அறிந்த பின்னரே அதன்மேல் எதனையும் ஏற்ற இயலும். கடைக்கூரைக்கும் இதுவே முறை. யாம் இன்று கூற வந்த செய்தி இவ்வொன்றே: கதிரவனைப் பார்க்குமுன் கூரையைப் பாருங்கள்.

நம் காலனியில் தோசை மாவு அரைத்து விற்கும் அன்பர் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். பெயர் கூறுதல் வேண்டா. அவர்தம் கூடத்தில் பெரிய அரைவை எந்திரங்கள் இரண்டும் குளிர்ப்பெட்டிகள் மூன்றும் உள்ளன. மின்கட்டணம் திங்கள்தோறும் அவர் முதுகை முறிக்கின்றது. ஒரு நாள் விற்பனையாளர் ஒருவர் வந்து, வண்ணத்தாளில் அச்சிட்ட சூரிய ஓட்டின் படத்தைக் காட்டி, "ஐந்தே ஆண்டில் முதல் திரும்பிவிடும்" என்று கூறி முன்பணம் கேட்டார். அன்பர் எம்மையும் சங்க உறுப்பினர் இருவரையும் அழைத்தார். சென்றோம். மூவரும் விற்பனையாளரிடம் விலையைப் பற்றியே வினவிக்கொண்டிருந்தோம். அப்போது அன்பரின் இல்லத்தரசியார், அடுப்படியிலிருந்து வந்து ஒரே ஒரு வினாவை எழுப்பினார். "ஏன் அண்ணா, கூரை இப்போதே நாலு இடத்தில் ஒழுகுகிறது. இதன்மேல் எதை வைக்கப் போகிறார்கள்?"

விற்பனையாளரிடம் அதற்கு விடை இல்லை. அந்த அம்மையாரின் வினாவில் இப்பொருள் முழுதும் அடங்கியுள்ளது. அதனை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காண்போம்.

முதலாவது, காலக்கணக்கு. நல்ல தகடு 25 ஆண்டு வரை மின்சாரம் தரும் என்று செய்வோர் உறுதி எழுதித் தருகின்றனர். அதன்கீழ் உள்ள கூரை ஐந்தாண்டில் உளுத்துப் போகுமாயின் என்ன ஆகும்? தகடுகளைக் கழற்ற வேண்டும். கூரையை மாற்ற வேண்டும். மீண்டும் பொருத்த வேண்டும். அந்நாள்கள் முழுதும் மின்சாரமும் இல்லை. எனவே மேலே இருப்பதன் ஆயுளும் கீழே இருப்பதன் ஆயுளும் ஒத்திருத்தல் வேண்டும். இளங்காளையையும் கிழக்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டுவார் உண்டோ?

இரண்டாவது, வெப்பக்கணக்கு. வெயில் மிகுந்தால் மின்சாரம் மிகும் என்று நாம் எண்ணுகின்றோம். ஒளி மிகுந்தால் மின்சாரம் மிகும். சூடு மிகுந்தால் குறையும். சிலிக்கன் கலத்தின் வெப்பம் 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் ஆற்றல் நூற்றுக்கு 0.35 முதல் 0.4 வரை குறைகின்றது. இவ்வகமதாபாத்தில் 2016 மே 20-இல் நிழலிலேயே 48 பாகை வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாளில் கூரைமேல் உள்ள கலம் 65 பாகையை எளிதில் எட்டும். அதாவது 40 பாகை மிகுதி. நூற்றுக்கு 14 முதல் 16 வரை இழப்பு. தகட்டின்கீழ் காற்று வீசும் வெளி இருப்பதால் சூடு ஓரளவு தணியும். கூரையோடு ஒட்டிய ஓட்டிற்கோ மூச்சுவிட வழி குறைவு, சூடு மிகும். குளிர்நாட்டுச் சரிந்த கூரைக்கென எண்ணிச் செய்த பொருளை வெப்பநாட்டுக் கூரைமேல் ஏற்றுமுன் இதனை எண்ண வேண்டும்.

மூன்றாவது, சரிவுக்கணக்கு. ஓடு என்றால் மழைநீர் வழிந்தோடச் சரிவு வேண்டும். நம் கடைகளில் பாதி, கான்கிரீட்டு மொட்டைமாடி கொண்டவை. அவற்றின்மேல் ஓடு பரப்புதல் பொருந்தாது, தகடே பொருந்தும். இந்நகர் 23 பாகை வடக்கில் இருப்பதால், தென்றிசை நோக்கி ஏறத்தாழ அதே அளவு சாய்த்து வைத்தால் ஆண்டு முழுதும் நல்ல விளைவு கிட்டும். தகட்டை விரும்பிய திசையில் திருப்பலாம். ஓட்டிற்கோ கூரை நோக்கும் திசையே திசை. கூரை வடக்கு நோக்கினால் ஓடும் வடக்கு நோக்கித்தான் கிடக்கும்.

நான்காவது, பணக்கணக்கு. இதுவே எம் துறை. ஒரு கிலோவாட்டிற்குக் கூரையில் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட்டு கிட்டும். நம் மாவரைக்கும் அன்பருக்கு 5 கிலோவாட்டு எனக் கொள்வோம். நாளுக்கு 20 யூனிட்டு, திங்களுக்கு 600. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், திங்களுக்கு 4,800 ரூபாயும் ஆண்டிற்கு 57,600 ரூபாயும் மிஞ்சும். தகடு அமைக்க 3 இலட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டு 3 திங்களுக்குள் முதல் திரும்புகின்றது. ஓடு ஒன்றரை மடங்கு விலையென்றும், விளைவு பத்தில் ஒரு பங்கு குறையுமென்றும் கொள்வோம். செலவு 4½ இலட்சம். மிச்சம் ஆண்டிற்கு 51,840. முதல் திரும்ப 8 ஆண்டு 8 திங்களுக்கு மேல் ஆகின்றது. கடன் வட்டியை யாம் இன்னும் சேர்க்கவில்லை. இவ்விலைகள் கணக்குக் காட்ட யாம் வைத்துக்கொண்டவையே. உங்கள் கடைக்கு உங்கள் மின்சீட்டில் உள்ள விலையை இட்டுப் பாருங்கள்.

ஈண்டு ஓட்டிற்கும் நீதி செய்தல் வேண்டும். அன்பரின் கூரை எப்படியும் மாற்ற வேண்டிய கூரை. புதுக்கூரைக்கு 1 இலட்சம் என்று கொண்டால், புதுக்கூரையும் தகடும் சேர்ந்து 4 இலட்சம் ஆகிவிடுகின்றது. ஓடோ தானே கூரையாகித் தனிக்கூரைச் செலவை மிச்சப்படுத்துகின்றது. இப்போது வேறுபாடு ஒன்றரை இலட்சம் அன்று, ஐம்பதாயிரமே. ஆகவே, நல்ல கூரை உடையவர் அதனைப் பிரித்துவிட்டு ஓடு போடுதல் வீண். கூரையே மாற்ற வேண்டியவர், அதுவும் தெற்கு நோக்கிய சரிவு உடையவர், ஓட்டைப் பற்றி எண்ணலாம். கூரையைப் பார்த்த பின்பே இம்முடிவு பிறக்கும் என்பதைக் காண்க.

அரசு உதவித்தொகை பற்றியும் ஒரு சொல். 2024-இல் தொடங்கிய 'பிரதம மந்திரி சூரிய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டிற்கு 78,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது வீட்டிற்கே உரியது; கடைக்கு அன்று. "கடைக்கும் வாங்கித் தருகிறோம்" என்பார் சொல்லை நம்பற்க. வணிகர்க்கு உரிய சலுகை வேறு. வருமான வரி செலுத்தும் தொழிலில், இவ்வமைப்பின் விலையில் நூற்றுக்கு 40 வீதம் தேய்மானம் கழிக்க வழி உண்டு. சூரியத் தகட்டின்மேல் இருந்த சரக்கு சேவை வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்துள்ளது. விலைச்சீட்டில் எவ்வளவு வரி இட்டுள்ளனர் என்று பாருங்கள்.

விற்பனையாளர் கூறாது விடும் செய்திகள் இரண்டு உண்டு. ஊர் மின்கம்பியோடு இணைந்த அமைப்பில், ஊர் மின்சாரம் நின்றால் உங்கள் கூரை மின்சாரமும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்கின்றது. மின்தடையிலும் வேலை நடக்க வேண்டுமாயின் மின்கலத் தொகுதி தனியே வேண்டும்; செலவும் தனி. மற்றொன்று, நாம் மிகுத்து ஊருக்கு அனுப்பும் யூனிட்டிற்குக் கிட்டும் விலை, நாம் வாங்கும் யூனிட்டின் விலையைவிடக் குறைவாக இருத்தல் பெரும்பான்மை. எனவே பகலில் விளைவதைப் பகலிலேயே செலவிடுபவர்க்கே ஆதாயம் மிகுதி. நம் அன்பர் இரவு 8 மணிக்கு மாவு அரைத்து வந்தார். அதனைப் பகல் 11 மணிக்கு மாற்றி, அரைத்த மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால், கதிரவனே அரைத்துக் கொடுப்பான். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இனி யாம் கூறப்போவது பணக்கணக்கைவிடப் பெரிது. அது உயிர்க்கணக்கு.

வட்வா, ஓடவ், நரோடா ஆகிய தொழிற்பேட்டைகளைச் சுற்றிப் பாருங்கள். பழைய கூடங்கள் பலவற்றின் கூரை சிமெண்டுத் தகடு. இவ்வூரார் 'பத்ரா' என்பர். நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்போம். வெயிலிலும் மழையிலும் கிடந்த அத்தகடு, காண்பதற்குக் கல்போல் இருக்கும். கால் வைத்தால் அப்பளம்போல் நொறுங்கும். அதனைத் துளையிட்டால் எழும் நுண்தூள் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது. இத்தகைய கூரைமேல் ஏறித் தகடு பொருத்துவோர் யார்? ஐ.டி.ஐ. பயின்று நாட்கூலிக்குச் செல்லும் இளைஞர்கள். அவருள் நம் பிள்ளைகளும் உண்டு.

ஈராண்டுக்கு முன் நம் காலனி இளைஞர் ஒருவர் அவ்வாறு ஏறினார். மிதிபலகை இல்லை, இடுப்பு வார் இல்லை. ஒரு காலடி தவறவில்லை. வைத்த இடமே உடைந்தது. பதினைந்தடி கீழே வீழ்ந்தார். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு முறிந்தது. எட்டுத் திங்கள் படுக்கை. வேலைக்கு அழைத்துச் சென்றவர் முதல் வாரம் வந்து பழம் வைத்துவிட்டுச் சென்றார். பின்பு வரவே இல்லை. மருந்துச் செலவிற்கு இச்சங்கத்தார் வீடு வீடாகச் சென்று திரட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் இன்று இவ்வவையில் கைத்தடியோடு அமர்ந்திருக்கின்றார். அவர்முன் நின்றுகொண்டு, "சூரிய மின்சாரம் செலவில்லாதது" என்று கூற எமக்கு நா எழவில்லை.

ஆகவே அன்பர்களே, சிமெண்டுத் தகட்டின்மேல் எதனையும் பொருத்த ஒப்பாதீர்கள். முதலில் அதனை முறைப்படி அகற்றி, அதன்கீழ் உள்ள இரும்புச் சட்டங்கள் துருவேறாமல் உள்ளனவா என்று கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்து, இரும்புத் தகட்டுக் கூரை வேய்ந்துகொள்ளுங்கள். மடிப்புடைய அத்தகைய கூரையில் துளையிடாமலே பிடிகளால் கவ்வித் தகடு பொருத்தும் முறை உண்டு. துளை இல்லையேல் ஒழுக்கும் இல்லை. எடையைவிடக் காற்றே பெரும் பகை என்பதையும் மறவாதீர்கள். 2021 மே திங்களில் டவ்தே புயலும் 2023 சூன் திங்களில் பிபர்சாய் புயலும் இம்மாநிலத்தைத் தாக்கின. தளர்ந்த பிடியில் உள்ள தகடு, புயலில் பறக்கும் வாள்.

பராமரிப்பு பற்றிச் சுருங்கக் கூறுவோம். இவ்வூரில் புழுதி மிகுதி. இரு வாரத்திற்கு ஒரு முறையேனும், வெயில் ஏறுமுன் நீரால் கழுவுதல் வேண்டும். கொதிக்கும் கண்ணாடிமேல் நண்பகலில் குளிர்நீர் ஊற்றலாகாது. தகட்டின்கீழ்ப் புறா கூடு கட்டாமல் வலையிடுங்கள். உத்தராயண நாளில் பிள்ளைகள் தகடுகளிடையே ஓடிக் காற்றாடி விட இடந்தராதீர்கள்.

இவ்வூர்க் கூரைகளைப் பற்றி எம் உள்ளத்தில் நெடுநாளாக உள்ள எண்ணம் ஒன்றைக் கூறுவோம். 1861-இல் இரஞ்சோடுலால் சோட்டாலால் என்பார் இந்நகரின் முதல் பஞ்சாலையை ஓட்டினார். அதன்பின் எழுந்த ஆலைகளில் வேலை தேடியே நம் முன்னோர் பலர் இங்கு வந்தனர். ஆலைக்கூடங்களின் கூரையைக் கண்டிருப்பீர்கள். இரம்பத்தின் பல்போல் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் வடக்கு நோக்கிய பக்கம் கண்ணாடி. தெற்கு நோக்கிய பக்கம் மூடிய சரிவு. நேர் வெயில் தறிமேல் விழாமல், வடக்கின் ஒளி மட்டும் சீராக உள்ளே வருதற்காக அவ்வாறு கட்டினர். வெயிலைத் தடுப்பதற்கென்றே தெற்கில் சாய்ந்த அச்சரிவு, இன்று வெயிலை அறுவடை செய்தற்கு ஏற்ற இடம்! ஆலைகள் பல மூடப்பெற்றன; இடிக்கவும் பெற்றன. எனினும் அம்முறையில் கட்டிய சிறு கூடங்கள் இன்றும் உள்ளன. அத்தகைய கூடம் வைத்திருப்போர் அதன் தென்சரிவை ஒரு முறை ஏறிட்டுப் பாருங்கள். அக்கூரையின் வலிமையைச் சோதித்துச் செப்பனிட்டால், நம் தந்தையர் எவ்வெயிலுக்கு ஒதுங்கி நின்று நூல் நூற்றனரோ, அவ்வெயிலே நம் மக்களுக்குச் சோறிடும்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டிற்கொரு முறை கூடி உண்டு களிப்பதோடு நம் கடமை முடியவில்லை. மூவர் கொண்ட சிறு குழு ஒன்றை இன்றே அமைப்போம். பொறியியல் அறிந்தவர் ஒருவர், கணக்கறிந்தவர் ஒருவர், மூன்றாமவர் கட்டாயம் ஒரு தாய்மாராக இருத்தல் வேண்டும். ஏன் என்பதை மாவரைக்கும் கூடத்தில் எழுந்த வினாவே கூறும். காலனியில் எவரேனும் கடைக்கூரையில் சூரிய அமைப்புச் செய்ய விரும்பினால், முன்பணம் தருமுன் இக்குழுவினர் சென்று ஐந்து செய்திகளை எழுதித் தரட்டும்: கூரையின் வயது என்ன? சட்டங்கள் தாங்குமா? பகலில் செலவாகும் யூனிட்டு எத்தனை? மின் நிறுவனத்தின் ஒப்புதல் எழுத்தில் உள்ளதா? ஏறும் தொழிலாளர்க்கு இடுப்பு வாரும் மிதிபலகையும் காப்பீடும் உண்டா? ஐந்தாவது வினாவிற்கு 'இல்லை' என்று விடை வருமாயின், மற்ற நான்கும் எவ்வளவு நன்றாக இருப்பினும் அவ்வேலை நம் காலனியில் நடவாதிருக்கட்டும்.

மாவரைக்கும் அன்பர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நகை அடகு போகவில்லை. அரைவையைப் பகலுக்கு மாற்றிவிட்டார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து வருகின்றார். வரும் மழைக்கு முன் இரும்புத் தகட்டுக் கூரை வேய்வார். அதன்பின் அதன்மேல் தகடு ஏறும். கதிரவன் எங்கும் போய்விடமாட்டான். நாளையும் கிழக்கில்தான் எழுவான். அவனுக்காக நாம் அவசரப்பட வேண்டுவதில்லை. அவன் வரும்போது நம் கூரை உறுதியாக இருந்தால் போதும்.

நம் கூரைகள் உறுதி பெறுக! அவற்றின்கீழ் வாழும் குடும்பங்கள் செழிக்க! அவற்றின்மேல் ஏறும் இளைஞர் நலமே இறங்கி வருக!